எல்லை காத்த கள்ளி

(கனகராயன்குளத்தில் வீட்டுத்தோட்டம் செய்வோரும் உயர்தர வகுப்பு மாணவரும் கூடியிருந்த ஆவணி மாத மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நான் இந்த மண்ணில் பிறந்தவன். 2008ஆம் ஆண்டின் கடைசியில் இங்கிருந்த எல்லாரையும் போல எங்கள் குடும்பமும் கிழக்கே இடம்பெயர்ந்தது. 2010இல் திரும்பி வந்து இறங்கியபோது எங்கள் வளவு எதுவென்று எனக்கே தெரியவில்லை. கூரை இல்லை. கிணற்றுக்கட்டு இல்லை. முட்கம்பியும் தூண்களும் இருந்த அடையாளமே இல்லை. முற்றம் இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை நெஞ்சளவு நின்றது. கிளுவைக் கதியால்களும் விறகாய்ப் போயிருந்தன. நான் திகைத்து நிற்க, அம்மா கையை நீட்டி, “அங்கை பாரடா, அப்பு நட்ட கள்ளி” என்றார். அப்பு என் பாட்டன்.

மேற்குப் பக்கத்தில் ஒரு நீண்ட பச்சைச் சுவர் நின்றது. நாங்கள் போகும்போது தோளளவு இருந்த கள்ளி, தலைக்கு மேல் வளர்ந்து, காற்றில் அசைந்துகொண்டு நின்றது. இரண்டு கோடை அதற்கு யாரும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு, அடி எண்ணி எண்ணி, மற்ற மூன்று எல்லைகளையும் கண்டுபிடித்தோம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். உறுதி தொலைந்த எங்கள் காணிக்கு வேலியே சாட்சி சொன்னது.

இன்றைக்கு உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வளவிலும் வெயிலும் காற்றும் கூடுதலாக விழுகிற ஒரு பக்கத்தையாவது கள்ளிக்குக் கொடுங்கள். அதை அறிந்து, அதன் பாலுக்கு அஞ்சி, முறையாக வளருங்கள்.

முதலில் எந்தக் கள்ளி என்று தெளிவாக்கிக்கொள்வோம். கள்ளி என்ற ஒரு சொல்லுக்குள் நாம் பல செடிகளை அடைத்து வைத்திருக்கிறோம். பென்சில் பருமனில் உருண்டையான பச்சைக் குச்சிகள் கொத்துக்கொத்தாகக் கிளைப்பது திருகுகள்ளி. கொம்புக்கள்ளி என்றும் சொல்வோம்; வேலிக்கு நான் சொல்வது இதைத்தான். சிங்களத்தில் அதற்கு நவஹந்தி என்று பெயர். மூன்று நான்கு பட்டைகளோடு, பட்டையின் விளிம்பில் சோடி சோடியாக முள்ளோடு நிற்பது சதுரக்கள்ளி. சிங்களத்தில் தலுக். தண்டின் நுனியில் தடித்த இலைகள் வைப்பது இலைக்கள்ளி. இந்த மூன்றும் ஒரே குலம். எதைக் கிள்ளினாலும் வெள்ளைப் பால் வடியும்.

நாகதாளி அந்தக் குலத்தைச் சேர்ந்ததல்ல. தமிழ்நாட்டில் அதைச் சப்பாத்திக்கள்ளி என்பார்கள். தட்டைத் தட்டையாக ஒன்றின்மேல் ஒன்று முளைக்கும் அந்தச் செடி அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தது. வெட்டினால் வெள்ளைப் பால் வராது. அது இங்கே வந்த பிறகு பெருகிய பெருக்கம் பெரியது. 1795இல், சிவப்புச் சாயம் தரும் பூச்சி என்று நம்பி, பிரேசிலில் இருந்து வேறொரு செதிற்பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது நல்ல சாயம் தரவில்லை. நாகதாளியில் ஒருவகையைத் தின்று அழித்தது. அந்தப் பயனைக் கண்டு, 1860களில் அதே பூச்சியை இலங்கைக்கும் கொண்டுவந்து நாகதாளியில் விட்டார்கள். ஒரு களையை அழிக்க ஒரு பூச்சியை நாடுவிட்டு நாடு கொண்டுபோன முதல் முயற்சிகளில் ஒன்றாக அது உலக வேளாண் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வேலிக்கு என்று நாகதாளியை நடாதீர்கள். அதன் பழத்தைப் பறவை தின்னும், விதை காடெல்லாம் போகும், பிறகு பிடிக்க முடியாது.

திருகுகள்ளியின் கதை வேறு. அதன் சொந்த ஊர் ஆபிரிக்கா என்று தாவரவியலாளர் கருதுகிறார்கள். அங்கிருந்து எப்போதோ நம் பக்கத்துக்கு வந்து, நம் பெயரையே வாங்கிக்கொண்டது. மலையாளக் கரையில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர், அந்த நாட்டுச் செடிகளைப் படத்தோடு 12 தொகுதிகளாக 1678 தொடக்கம் 1693 வரை அம்ஸ்ரடாமில் அச்சிட்டார். நூலின் பெயர் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ். இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்கள் சொன்ன பெயர்களை அந்நூல் அப்படியே பதிந்தது. அதன் இரண்டாம் தொகுதியில் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகள்ளி மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1753இல் லின்னேயசு உலகச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது அந்த நூலைப் பார்த்து, நம் வேலிச் செடிக்கு யூபோர்பியா திருகள்ளி என்றே பெயர் வைத்தார். பிள்ளைகளே, பிரேசிலில் இருந்து ஒருவர் இந்தச் செடியைப் பற்றி ஆய்வு எழுதினாலும், அவர் எழுதும் பெயரின் பின்பாதி உங்கள் பாட்டன்மார் வாயில் இருந்த சொல்.

முன்பாதியும் ஒரு மனிதரின் பெயரே. வட ஆபிரிக்காவின் ஒரு பகுதியை ஆண்ட இரண்டாம் யூபா என்ற அரசர், தன் வைத்தியர் யூபோர்பசின் பெயரை ஒரு கள்ளிக்கு வைத்தார். அது முழுக் குலத்துக்கும் நிலைத்துவிட்டது.

சதுரக்கள்ளியோ இந்த மண்ணுக்கே உரியது. இந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட பற்றைக்காடுகளில் தானாக முளைப்பது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் கள்ளி வருவதை ஆசிரியர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். குறுந்தொகையில் 174ஆவது பாட்டில் வெண்பூதியார் ஒரு காட்சி வைக்கிறார்: முள்ளுக் கள்ளியின் காய் வெடிக்கும் சத்தத்துக்குச் சோடிப் புறாக்கள் வெருண்டு பறக்கின்றன. அது கற்பனை அல்ல. கள்ளிக்காய் மூன்று அறை கொண்டது. முற்றி வெயிலில் காய்ந்தால் படாரென்று வெடித்து விதையை வீசும். காட்டில் நின்று காது கொடுத்துக் கேட்டவர் எழுதிய பாட்டு அது.

கள்ளி நின்ற இடங்கள் ஊர்களாகவும் ஆகியிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கள்ளியங்காடு, மன்னாரில் கள்ளியடி, நம் வவுனியா மாவட்டத்தில் கள்ளிக்குளம். வங்காளத்தில் நாகங்களின் தெய்வமான மனசாவுக்கு இலைக்கள்ளியை நட்டு வழிபடுகிறார்கள். புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கிற நமக்கு அந்த வழிபாடு அந்நியமாகப் படாது.

இனி, இந்தச் செடி இரண்டு கோடை தண்ணீர் இல்லாமல் எப்படி நின்றது என்று பார்ப்போம்.

நம் பக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கணக்கைப் பார்த்தால் குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டி முடிந்துவிடும். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை சோளகம் அடித்து மண்ணை உலர்த்தும். வாழை, கத்தரி, மிளகாய் எல்லாம் பகலில் இலைவாயைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கின்றன. திறந்த வாயால் நீராவியும் போய்விடுகிறது. கள்ளியின் பச்சைத் தண்டு அந்த வேலையை இரவுக்கு மாற்றிக்கொண்டது. வெயில் போய்க் குளிர்ந்த பிறகு இலைவாயைத் திறக்கும். காபனீரொட்சைட்டை எடுத்து மலிக் அமிலமாக்கிச் சேமிக்கும். விடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்து ஒளித்தொகுப்புச் செய்யும். திருகுகள்ளியின் நுனியில் மாரியில் வரும் சின்னஞ்சிறு இலைகள் மற்றச் செடிகளைப் போலவே பகலில் வேலை செய்யும். ஈரம் குறைந்ததும் அவை உதிர்ந்துவிடும். தண்டு மட்டும் தன் இரவு வேலையைத் தொடரும். செழிப்புக்கு ஒரு வழி, வறட்சிக்கு ஒரு வழி என்று இரண்டையும் ஒரே செடி வைத்திருக்கிறது.

சதைப்பிடிப்பான தண்டில் நீர் இருக்கிறது. மேலே மெழுகுத்தோல் இருக்கிறது. பாலில் நஞ்சு இருப்பதால் ஆடும் மாடும் கடிக்காமல் விலகிப் போகும். அந்தப் பாலில் எண்ணெய் போன்ற ஐதரோகாபன்கள் இருப்பதைக் கண்டு, ஒளித்தொகுப்பு ஆய்வுக்காக 1961இல் நோபல் பரிசு பெற்ற மெல்வின் கல்வின், 1970களில் எரிபொருள் நெருக்கடி வந்தபோது கள்ளியினங்களிலிருந்து எண்ணெய் எடுக்கலாமா என்று ஆராய்ந்தார். அந்த முயற்சி எரிபொருளாக நம் வீடு வரை வரவில்லை. வேறொன்றும் விளையாத தரையில் இந்தச் செடி எவ்வளவு பொருளைத் தனக்குள் சேர்க்கிறது என்பதை மட்டும் அது உலகுக்குக் காட்டியது.

நம் ஆற்றை நினைத்துப் பாருங்கள். கனகராயன் ஆறு வடக்கே ஓடி, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளத்தில் போய்ச் சேர்கிறது. அதன் ஒவ்வொரு சொட்டையும் நம்பி எத்தனை வயல் இருக்கிறது! வேலிக்கு அதில் பங்கு கேட்காத ஒரு செடி நம்மிடம் இருக்கும்போது அதை மறந்துவிட்டு, தூணுக்கும் கம்பிக்கும் கடன்படுகிறோம்.

இப்போது நடுகைக்கு வருவோம். அக்காமார் குறித்துக்கொள்ளுங்கள்.

கள்ளியை விதையிலிருந்து வளர்க்கத் தேவையில்லை. திருகுகள்ளியில் ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் வெவ்வேறு செடியில் வரும். நம் வேலிகளில் காய் பிடிப்பது அரிது. நம் ஊரில் நிற்பதெல்லாம் கொப்பு நட்டு வந்தவை. காலம் என்று கேட்டால் இந்த ஆவணியே நல்ல காலம். இப்போது கொப்பு வெட்டிக் காயவிட்டு, புரட்டாசியின் முதல் தூறலுக்கு முன் நட்டால், கார்த்திகை வெள்ளம் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு நட்டால் வேரில்லாத அடி ஈரத்தில் ஊறி அழுகும். ஆவணியைத் தவறவிட்டவர்கள் தை, மாசி வரை பொறுத்திருங்கள்.

முற்றிய, பெருவிரல் பருமனான கொப்பாகப் பாருங்கள். இளங்கொப்பு சுருங்கிப் போகும். சாடிக்கு என்றால் ஓரடி, வேலிக்கு என்றால் இரண்டடி தொடக்கம் மூன்றடி. கூரான கத்தியால் ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். வெட்டுவாயில் பால் வடியும். அதைத் தண்ணீரில் தோய்த்தோ அடுப்புச் சாம்பலை அப்பியோ நிறுத்துங்கள். பிறகு நிழலில், காற்றுப் படும் இடத்தில், ஒரு கிழமை தொடக்கம் பத்து நாள் கிடத்துங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். பலருக்கு இந்தப் பத்து நாளைப் பொறுக்க முடிவதில்லை. பச்சைக் காயத்தோடு மண்ணில் வைத்துவிட்டு, பட்டுப்போச்சு என்று கவலைப்படுகிறார்கள்.

நம் மேட்டுக்காணியின் செங்கபில மண் கள்ளிக்கு நன்றாகப் பொருந்தும். தாழ்ந்த பக்கம், வயலோரக் களிமண் என்றால், ஓரடி உயரத்துக்கு வரம்பு போட்டு அதன்மேல் நடுங்கள். கள்ளியைக் கொல்வது வெயில் அல்ல, தேங்கிய தண்ணீர். அலவாங்கால் துளை போட்டு, நான்கு தொடக்கம் ஆறு அங்குலம் ஆழத்தில் கொப்பை இறக்கி, மண்ணைக் காலால் மிதித்து இறுக்குங்கள். நீளக் கொப்புகளை ஒரு தடியோடு சேர்த்துக் கட்டினால் காற்று அசைக்காது. அசைந்தால் வேர் பிடிக்காது. இடைவெளி ஓரடி போதும். நூறடி எல்லைக்கு ஏறக்குறைய நூறு கொப்பு. இன்னும் அடர்த்தி வேண்டுமானால் ஒரு கொப்பை வலப்புறமும் அடுத்ததை இடப்புறமும் சரித்து, ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற மாதிரி நடுங்கள். வளர வளரப் பின்னிக்கொண்டு கோழி புகாத வேலியாகும்.

நட்ட முதற்கிழமை தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிறகு மழை இல்லாவிட்டால் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு கோப்பை. வேர் பிடித்ததற்கு அடையாளம் நுனியில் புதுக்குச்சி வெளிக்கிடுவது. அதன் பிறகு நீங்கள் தண்ணீரை மறந்துவிடலாம். பசளையும் கேட்காது. மாட்டெருவை மரக்கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலி மூன்றடி உயர்ந்ததும் நுனியை வெட்டுங்கள். அப்போதுதான் அடியிலிருந்து கிளைக்கும். விட்டுவிட்டால் மரமாய் இருபது முப்பது அடி போய், அடி வெறுமையாகிப் பொட்டு விழும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்து காற்று எழாத மாசி மாதத்துக் காலையில், தோளளவுக்கு வெட்டி நிறுத்துங்கள். மரக்கறிப் பாத்திக்கும் கள்ளிக்கும் நடுவில் மூன்றடி இடம் விடுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கள்ளிவேலி ஆட்டை மறிக்கும், மாட்டை மறிக்கும், சோளகத்துப் புழுதியை மறிக்கும். யானையை மறிக்காது.

வளவு இல்லாதவர்கள் சாடியில் வைக்கலாம். செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணலோ பருமணலோ ஒரு பங்கு, அடியில் உடைந்த ஓட்டுத்துண்டு, கட்டாயம் ஒரு துளை. நாள் முழுக்க வெயில் விழும் இடம். கனடாவில் இருக்கிற என் தங்கை ரொறன்ரோவில் ஒரு கடையில் இதைக் கண்டு, படம் பிடித்து அனுப்பினாள். அங்கே பென்சில் கக்டஸ் என்று பெயர் எழுதி விற்கிறார்களாம். பனியைத் தாங்காது என்பதால் யன்னலோரத்தில் வைத்து வளர்க்கிறாள். இங்கிருந்து யாராவது கொப்புக் கொண்டுபோக நினைத்தால், சதைப்பற்றுள்ள கள்ளியினங்கள் சைட்டஸ் என்ற உலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதை அறிந்துகொள்ளுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் பெட்டிக்குள் வைக்கக்கூடாது.

கொப்பை அயலவர் வேலியில் கேட்டு வாங்குங்கள். காட்டுக் கள்ளியை வெட்டப் போகாதீர்கள். மிதிவெடிப் பலகை நிற்கும் பற்றைக்குள் எந்தச் செடிக்காகவும் கால் வைக்காதீர்கள்.

கடைசியாகப் பாலைப் பற்றி. இதைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

கள்ளிப்பால் தோலில் பட்டால் எரிந்து கொப்பளிக்கும். கண்ணில் ஒரு சொட்டு விழுந்தால் கருவிழி புண்ணாகும், சில நாள் பார்வையே மங்கும். ஆகவே கொப்பு வெட்டும்போது கண்ணாடி, கையுறை, நீளக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். தலைக்கு மேலே நிற்கும் கொப்பை அண்ணாந்து பார்த்து வெட்டக்கூடாது. காற்று அடிக்கும்போது வெட்டக்கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல், உடனே சுத்தமான தண்ணீரால் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கத்தியில் ஒட்டிய பால் எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகும்.

வெட்டிய கொப்பைக் குளத்திலோ வாய்க்காலிலோ போடாதீர்கள், மீன் சாகும். பச்சையாகக் கொளுத்தாதீர்கள், புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பள்ளிக்கூட முற்றத்திலும், சிறுபிள்ளைகள் விளையாடும் பக்கத்திலும், கிணற்றடியிலும் நடாதீர்கள். பல்வலிக்கு, பாலுண்ணிக்கு என்று யாராவது சொன்னால் கைவைத்தியம் செய்யாதீர்கள். ஆபிரிக்காவில் பிள்ளைகளுக்கு வரும் பேர்கிற் என்ற புற்றுநோய்க்கும், எப்ஸ்டீன்-பார் வைரசுக்கும், இந்தச் செடியின் பாலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சித்த வைத்தியத்தில் கள்ளி உண்டு. அது முறையாகச் சுத்தி செய்யத் தெரிந்த வைத்தியரின் வேலை.

இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த பெண்குழந்தைகளுக்குக் கள்ளிப்பால் ஊட்டிய கொடுமையால் இந்தச் செடியின் பெயரே பலருக்கு நடுக்கம் தருகிறது. வேண்டாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்கலாம் என்று 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கும் அளவுக்கு அந்தக் கொடுமை பரவியிருந்தது. கள்ளி தன் பாலைத் தன்னைக் காக்கச் சுரந்தது. அதைப் பிள்ளையின் வாயில் வைத்தது மனிதக் கை. ஒரு செடியைப் பற்றிப் பேச வந்தவன் அந்தக் குழந்தைகளையும் நினைக்கக் கடமைப்பட்டவன்.

எங்கள் அப்பு அந்தக் கள்ளியை நட்டபோது, ஆடு புகாமல் இருக்கட்டும் என்பதற்கு மேல் எதையும் நினைத்திருக்க மாட்டார். தன் பேரன் ஒருநாள் வழி தெரியாமல் வந்து நிற்பான், அவனுக்கு எல்லை காட்ட வேண்டும் என்று அவர் நினைத்திருப்பாரா? ஆனால் நட்டதனால் அது நின்றது. நின்றதனால் காட்டியது.

மண்டபத்தின் பின்பக்க விறாந்தையில், சாக்கின்மேல், கொஞ்சக் கொப்புகள் பரப்பியிருக்கிறேன். அப்புவின் அந்த வரிசையிலிருந்து ஒன்பது நாளுக்கு முன் வெட்டியவை. வெட்டுவாய் காய்ந்துவிட்டது. வீட்டுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளின் கையில் கொடுக்காமல், பெரியவர்கள் கடதாசியில் சுற்றித் தூக்குங்கள். மேற்குப் பக்கமாய் நடுங்கள். அடுத்த கிழமை வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.